கமருன்னிஸாவின் உரிமம்

முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் அஹமது கபீரின் வலைக்கடைக்கு மேலே ஒரு அறை இருந்தது. கீழே நைலான் வலை, ஈயக்குண்டு, கயிற்றுச் சுருள் என்று கால் வைக்க இடமிருக்காது. மேலே அவன் மனைவி கமருன்னிஸா, பேச வராதவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். வலை வாங்க வருகிறவர்கள், தலைக்கு மேலே யாரோ "ப... ப... பழம்" என்று முக்குவதைக் கேட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

"மேல என்ன பாய், பள்ளிக்கூடமா?"

"நம்ம வூட்டுல ஸ்பீச் தெரபிஸ்ட்டு. டெல்லியில ரிஜிஸ்டர் ஆன நம்பர் இருக்கு" என்பான் கபீர். கேட்டவர் அதோடு விட்டால்தான் உண்டு. கொஞ்சம் நின்றால் அந்த எண்ணையே மனப்பாடமாகச் சொல்லிக் காட்டுவான்.

கமருன்னிஸாவின் தங்கை ஆமினாவுக்குச் சின்ன வயதில் திக்குவாய். அவளை வாப்பா சென்னைக்கு அழைத்துப் போனபோது துணைக்குப் போனவள் கமருன்னிஸா. அங்கே ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், தங்கையின் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை வாங்கியதைப் பார்த்தாள். அந்த வேலைதான் வேண்டும் என்று அன்றைக்கே பிடிவாதம் பிடித்து, பிறகு அதையே படித்தாள். படிப்பு முடிந்த கடைசி நாளில் பேராசிரியை சொன்னது இன்னும் நினைவிருந்தது. பட்டம் படித்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான். டெல்லிக் கவுன்சிலில் பெயர் பதிந்து எண் வந்தால்தான் நோயாளியின் எதிரில் உட்காரலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இடையில் அங்கீகாரம் பெற்ற வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளிகள் சேர்த்திருந்தால்தான் புதுப்பிப்பார்கள்.

எண் வந்தது. கல்யாணமும் வந்தது. முதல் இரண்டு வருடம் மதுரை, திருச்சி என்று வகுப்புகளுக்குப் போய் வந்தாள். அப்புறம் மகள் ஹபீபுன்னிசா பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கியதும் மகன் பிறந்தான். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழின் மேல் தூசி படிந்தது. கமருன்னிஸா தூசியைத் துடைத்தாளே தவிர, கீழ்மூலையில் இருந்த தேதியைப் படிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அய்யாக்கண்ணு வந்து சேர்ந்தார்.

அய்யாக்கண்ணு கோரையாற்றங்கரையில் மடத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர். விவசாயச் சங்கத்துக்காரர். மீத்தேன் குழாய் இறக்க வந்தவர்களுக்கு எதிராக ஊர் ஊராகக் கூட்டம் நடந்த நாட்களில், ஒலிபெருக்கியே இல்லாமல் மன்னார்குடிக் கடைசித் தெரு வரைக்கும் கேட்கும் குரல் என்று அவருக்குப் பெயர். ஒரு காலை மடை திறக்கப் போனவர் வரப்பிலேயே சாய்ந்தார். தஞ்சாவூரில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை.

அவரைத் தம்பி மகன் மாரியப்பன் முதுகில் சுமந்துகொண்டு வலைக்கடை மாடிப்படி ஏறினான். பின்னாலேயே அவர் மனைவி நீலாயதாட்சி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்க பேரு என்னங்க அய்யா?" என்று கேட்டாள் கமருன்னிஸா.

அவர் வாயைத் திறந்தார். நாக்கு இங்கும் அங்கும் தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு மணி அடித்தாற்போல் ஒரு சொல் வந்தது.

"ஒழிக!"

மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "இதாங்க. எதைக் கேட்டாலும் இதான். பெரியப்பாவுக்குப் புத்தி தப்பிடுச்சுங்க."

நீலாயதாட்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கமருன்னிஸாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "இல்லீங்க, புத்திக்கு ஒண்ணும் இல்ல. பாருங்க" என்று சொல்லி மேஜையில் சாவி, சீப்பு, டம்ளர் மூன்றையும் வைத்தாள். "அய்யா, தலை வாருறது எது? எடுங்க." இடது கை நேராகச் சீப்பில் போய் நின்றது. "கதவைத் தெறக்கிறது?" சாவி. "இது முத்துப்பேட்டையா, மதுரையா? முத்துப்பேட்டைன்னா தலையாட்டுங்க." ஆட்டினார். ஆட்டிவிட்டு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் அவளை முறைத்தார்.

"கேக்குறது எல்லாம் புரியுது. சொல்றதுக்கும் அவருகிட்ட விஷயம் இருக்கு. ஆனா சொல்லு வெளிய வர்ற வழி அடைச்சிருக்கு. வருஷக்கணக்கா கோஷம் போட்டுப் பழகின சொல்லு மட்டும் தன்னால வெளிய வந்துடுது."

"வாய்க்கால்ல கோரை மண்டுன மாதிரியா?" என்றாள் நீலாயதாட்சி.

"அதேதாங்க."

"அப்ப வெட்டி எடுத்துட்டா தண்ணி வருமுல்ல?"

"முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். வரும்."

வாரம் இரண்டு முறை வந்தார்கள். சென்னையிலிருந்து வாங்கி வந்த பட அட்டைகளில் ஆப்பிளும் விமானமும் பனிமனிதனும் இருந்தன. பனிமனிதனைக் காட்டியபோது அய்யாக்கண்ணு அட்டையைப் பறித்துக் குப்புறக் கவிழ்த்துவிட்டார். மறுமுறை நீலாயதாட்சியே ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்தாள்: கருக்கரிவாள், ஒரு பிடி நாற்று, வெற்றிலை, உயிரோடு ஒரு நண்டு. நண்டு மேஜையிலிருந்து குதித்துப் படியிறங்கி வலைக்கடைக்குள் போய்விட, கபீரும் அவன் கடையாளும் அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் அய்யாக்கண்ணுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கும் முன்பே கமருன்னிஸா நாற்றை அவர் இடது கையில் திணித்து, "நா..." என்று எடுத்துக் கொடுத்தாள்.

"நா... நாத்து" என்றார் அய்யாக்கண்ணு.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீலாயதாட்சி கமருன்னிஸாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

நாற்றுக்குப் பின்னால் சோறு வந்தது, தண்ணி வந்தது, மாடு வந்தது. பாகற்காய்க் கறியைத் தட்டில் வைத்தால் மட்டும் இன்னும் "ஒழிக"தான் என்று நீலாயதாட்சி சொன்னாள். "அது வியாதி இல்லீங்க, அது அபிப்பிராயம்" என்றாள் கமருன்னிஸா. ஒரு சொல் மட்டும் எத்தனை முயன்றும் வரவில்லை. நீலாயதாட்சி என்ற பெயர்தான் அது. அத்தனை நீளப் பெயரை நோயில்லாதவர்களே தடுக்கி விழாமல் சொல்வதில்லை. "விடுங்க, நல்லா இருந்தப்பவே அவரு என் பேரைச் சொன்னதில்ல. ஏ புள்ளன்னுதான் கூப்புடுவாரு" என்று நீலாயதாட்சி சிரித்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது மாரியப்பன் மனு போட்டான். பெரியப்பாவுக்குச் சித்த சுவாதீனம் இல்லை, குத்தகைப் பதிவைத் தன் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்று மன்னார்குடி வருவாய் நீதிமன்றத்தில் கொடுத்திருந்தான். உப்புத்தண்ணீர் ஏறி விளைச்சல் குறைந்து வந்த நிலம். பக்கத்து நிலங்கள் ஏற்கெனவே இறால் குளங்களாகிவிட்டன. மாரியப்பனும் இறால்காரர் ஒருவரிடம் பேச்சு கொடுத்திருந்தான். கெட்டவன் இல்லை. பெரியப்பாவைச் சுமந்து படியேறியவன்தான் அவன். அந்த வீட்டில் வளர்ந்தவன். பெரியவருக்கு இனி எதுவும் புரியாது என்று மனதார நம்பினான்.

அய்யாக்கண்ணுக்காக வழக்கை எடுத்தவர் சௌந்தரநாயகி என்ற வக்கீல். ஸ்கூட்டியில் வந்து மாடியேறி, மூச்சு வாங்கக்கூட இல்லாமல் விஷயத்துக்கு வந்தார்.

"பேச்சு போனாலும் புத்தி தெளிவா இருக்குன்னு நீங்க ஒரு ரிப்போர்ட் குடுங்க மேடம். ரிப்போர்ட்டோட உங்க பதிவுச் சான்றிதழ் நகலும் வேணும். எதிர்த்தரப்பு வக்கீல் மொதல்ல அதைத்தான் கேப்பாரு."

"தாராளமா" என்று சொல்லிக் கமருன்னிஸா சுவரிலிருந்து சான்றிதழைக் கழற்றினாள். கண்ணாடிச் சட்டத்தின் பின் ஆணியைப் பிரிக்கும்போதுதான் கீழ்மூலை கண்ணில் பட்டது. செல்லுபடியாகும் காலம் கோடையிலேயே முடிந்திருந்தது. இப்போது ஆற்றில் தண்ணீர் வந்து, சம்பா விதைப்பும் முடிந்துவிட்டது.

"நாளைக்கு நகல் எடுத்து அனுப்புறேன்" என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

அன்று மாலை கடையை மூடிவிட்டு மேலே வந்த கபீர், மனைவி சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நீ படிச்சது படிச்சதுதானே கமரு? தேதி முடிஞ்சா மறந்தா போயிடும்? யாரு அந்த ஓரத்தைப் பாக்கப் போறா?"

"வக்கீல் பாப்பாரு மச்சான்."

"அப்ப அந்த ஓரத்தை விட்டுட்டு நகல் எடுப்போம்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கபீர் தான் சொன்னதைத் தானே கேட்டவன்போல் தலையைச் சொறிந்துகொண்டான். "சரி, அது தப்பு."

"கோடையிலேருந்து நான் பதிவு இல்லாமத்தான் பயிற்சி குடுத்திருக்கேன் மச்சான். தெரியாம செஞ்சது வேற. இனிமே செஞ்சா அது தெரிஞ்சே செய்யிற தப்பு."

"புதுப்பிச்சுடு."

"புள்ளி பத்தாது. இன்னும் சில வகுப்புக்குப் போவணும். போயிட்டு வந்துதான் டெல்லிக்கு எழுத முடியும். அது வரைக்கும் இந்த ரூமைப் பூட்டணும்."

கபீர் எழுந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான். "வகுப்பு எங்கெங்க இருக்குன்னு பாரு. புள்ளைங்களை நான் தூக்கிட்டு வர்றேன்."

மறுநாள் வக்கீலுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள். பயிற்சிக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லி, திருவாரூரில் பயிற்சி கொடுப்பவரின் முகவரியைக் கொடுத்தாள். நீலாயதாட்சியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவ்வளவு தூரம் அவர்களால் போக முடியாது. நிலத்துக்கும் தன் ரிப்போர்ட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள். வாசலில் நிறுத்திச் சொல்ல மனமில்லாமல் உள்ளே உட்கார வைத்துச் சொன்னாள். சொல்லும்போதே அழுகை முட்டியது.

நீலாயதாட்சி முழுவதையும் கேட்டுவிட்டு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினாள்.

"கழக ஆட்சி வந்த புதுசுல, குத்தகைக்காரன் பேரைப் பதியணும்னு சட்டம் வந்துச்சு டாக்டரம்மா. அதுக்கு முன்னாடியும் எங்க மாமனாருதான் உழுதாரு. நாளைக்கு வராதேன்னு மடத்து ஏஜெண்டு சொன்னா அதோட சரி. பேரைப் பதிஞ்ச பொறவுதான் அந்த ஆளு எங்க வாசல்ல நின்னு மரியாதையாப் பேசுனான். பதிவுன்னா என்னன்னு எனக்கா தெரியாது? நீங்க போயி பதிஞ்சுட்டு வாங்க."

"அது வரைக்கும் அய்யாவுக்கு..."

"நீங்க சொல்லிக் குடுத்ததை நான் வூட்டுல சொல்லிக்கிட்டு இருக்கலாமா? அதுக்கும் பதியணுமா?"

"அதுக்கு வேணாங்க. பொண்டாட்டி பேசுறதுக்குக் கவுன்சில் எதுக்கு?"

"அப்பறம் என்ன?" என்று எழுந்த நீலாயதாட்சி, கணவரைப் பார்த்து, "வாங்க, இன்னையிலேருந்து நாந்தான் டாக்டரு" என்றாள். அய்யாக்கண்ணு கமருன்னிஸாவைப் பார்த்துக் கைகூப்ப முயன்றார். ஒரு கைதான் எழுந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திருச்சி வகுப்புக்குக் குடும்பமே போனது. மாமியார் ஜன்னத் பீவி, "படிச்சு முடிச்சவளுக்கு என்ன மறுபடியும் படிப்பு?" என்று கேட்டாலும், பேருந்தில் சாப்பிடப் புளிச்சோறும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தாள். கமருன்னிஸா உள்ளே உட்கார, கபீர் கைக்குழந்தையோடு வராந்தாவில் நடந்தான். பால் குடிக்கும் நேரத்துக்குக் கதவோரம் வந்து நிற்பான். குழந்தை தூங்கிவிட்டால் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து அவனும் கேட்பான். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் வரும் சிக்கல் பற்றிய வகுப்பு அது. கேள்வி நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்ததைப் பார்த்து, கமருன்னிஸா நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று நினைத்தாள்.

"மீன்முள்ளு தொண்டையில சிக்குறதுக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

கூடம் சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லி, கரும்பலகையில் தொண்டையை வரைந்து நிதானமாக விளக்கினார். திரும்பி வரும் பேருந்தில் கபீர் நெடுநேரம் அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

மதுரைக்குப் போனார்கள். சென்னைக்குக் கமருன்னிஸா தனியாகப் போனாள். தான் வராமல்போன வருடங்களில் இந்தத் தொழில் எவ்வளவு மாறியிருந்தது என்று பார்த்துத் திகைத்தாள். பேச்சிழந்தவர்களோடு பேசும் முறைகளே புதிதாக வந்திருந்தன. கேள்வியை எப்படிச் சின்னதாக்குவது, எழுதியும் வரைந்தும் எப்படித் தேர்ந்தெடுக்க விடுவது, சொல் சிக்கி நிற்கும்போது எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. புள்ளிக்காக மட்டும் வந்தோம் என்று நினைத்தவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமலே அய்யாக்கண்ணு முன் உட்கார்ந்திருந்தோமே என்றிருந்தது.

எல்லாவற்றையும் சேர்த்து டெல்லிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். தேதி முடிந்தது தெரியாமல் நோயாளிகளைப் பார்த்ததையும் மறைக்காமல் தனியாக எழுதி வைத்தாள்.

பதில் வரும் முன்பே வாய்தா வந்துவிட்டது. சௌந்தரநாயகி போனில் தயங்கினார். "நீங்க வராட்டியும் பரவாயில்ல மேடம், வேற எதாச்சும் பாப்போம்." கமருன்னிஸா போனாள். மன்னார்குடி வருவாய் நீதிமன்றத்தில் விசாரணை நடத்தும் துணை ஆட்சியர் சளியோடு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் பெயரைக் கூப்பிட்டதும், எதிர்த்தரப்பு வக்கீல் எழுவதற்குள் அவளே சொன்னாள்.

"சார், என்னோட பதிவு காலாவதி ஆயிடுச்சு. புதுப்பிக்க அனுப்பியிருக்கேன். வர்ற வரைக்கும் நான் எந்தச் சான்றும் குடுக்கக்கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் புன்னகைத்தார். அவர் கையில் ஏற்கெனவே ஏதோ காகிதம் தயாராக இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார். துணை ஆட்சியர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். "சொல்றதுக்காகவே முத்துப்பேட்டையிலேருந்து வந்தீங்களா?" என்று கேட்டு, விசாரணையை அறுவடைக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

சான்றிதழ் பொங்கலுக்குப் பிறகு வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய கபீர் படியைத் தாண்டித் தாண்டி ஏறினான். எண் பழைய எண்தான், தேதிதான் புதிது. அதோடு ஒரு எச்சரிக்கைக் குறிப்பும் இருந்தது. இனி தவறாமல் உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும் என்று. கமருன்னிஸா அதை இரண்டு முறை படித்துவிட்டு, சாவியை எடுத்து அறையைத் திறந்தாள்.

முதலில் வந்தவர்கள் அய்யாக்கண்ணுவும் நீலாயதாட்சியும்தான். மாரியப்பனோடு பேச்சு நின்றுவிட்டதால் அய்யாக்கண்ணு படியில் தானே ஏறினார். இடது கையால் கைப்பிடியைப் பற்றி, நீலாயதாட்சியின் தோளில் சாய்ந்து ஏறினார். வந்து உட்கார்ந்ததும் கமருன்னிஸாவைக் கூர்ந்து பார்த்தார். அவள் காத்திருந்தாள். உதவிக்கு வர வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள்.

"எ... எளச்சுட்ட" என்றார்.

அந்தச் சொல்லை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. நீலாயதாட்சியும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். "வூட்டுல தெனமும் சண்டை போடுவோம். அதான் வழி தெறந்துக்கிச்சு போல" என்றாள் நீலாயதாட்சி. கமருன்னிஸா வகுப்புகளில் கற்றதையெல்லாம் வைத்துச் சோதனைகளை முதலிலிருந்து மறுபடி செய்து, புதிதாக ரிப்போர்ட் எழுதினாள்.

தேர்தல் நெருங்கி, சுவர்களிலெல்லாம் இரண்டு கழகங்களும் வெள்ளையடித்து இடம் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் அடுத்த வாய்தா வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி, பதிவு இல்லாத காலத்துலயும் இவருக்குப் பயிற்சி குடுத்தீங்க இல்லையா?"

"குடுத்தேன் சார். தேதி முடிஞ்சது தெரியாம குடுத்தேன். தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்தினேன். கவுன்சிலுக்கும் அதை எழுதியிருக்கேன். இந்த ரிப்போர்ட்டுல இருக்கிற சோதனை எல்லாம் புதுப்பிச்ச பிறகு செஞ்சது."

அவர் வேறு வழியில்லாமல் அய்யாக்கண்ணு பக்கம் திரும்பினார். "பெரியவரே, எந்த மடத்து நிலம் நீங்க சாகுபடி பண்றது? எத்தனை மா? எந்த வருஷத்திலேருந்து? சொல்லுங்க பார்ப்போம்."

கேள்விகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அய்யாக்கண்ணுவின் நெற்றி வியர்த்தது. அத்தனை பேர் பார்க்கிறார்கள். நாக்கு தேடியது. கமருன்னிஸாவுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"ஒழிக!"

அறை அதிர்ந்தது. யாரோ சிரித்தார்கள். "பாத்தீங்களா சார்?" என்று வக்கீல் கையை விரித்தார். நீலாயதாட்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், நான் பேசலாமா?" என்று எழுந்தாள் கமருன்னிஸா. "பதற்றம் வந்தா இந்தச் சொல்லு தன்னால வந்துடும். அவரு நினைச்சது அது இல்ல. இது இந்த வியாதியோட தன்மை, ரிப்போர்ட்டுல எழுதியிருக்கேன். ஒரு நேரத்துல ஒரு கேள்வி, சின்னதா கேக்கணும். கேட்டுட்டுக் காத்திருக்கணும். அவ்வளவுதான்."

துணை ஆட்சியர் பேனாவை மூடி வைத்தார். "நானே கேக்கிறேன்." குனிந்து, நிதானமாகக் கேட்டார். "பெரியவரே, நிலத்தை மாரியப்பன் பேருக்கு மாத்திடலாமா?"

அய்யாக்கண்ணு தலையை அசைத்தார். இல்லை.

"இறால் குளம் வெட்டலாமா?"

இல்லை. இந்த முறை தலையோடு இடது கையும் சேர்ந்து அசைந்தது.

"பின்ன என்ன செய்யணும்?"

இது சின்னக் கேள்வி இல்லை. கமருன்னிஸா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். துணை ஆட்சியர் விரலை உயர்த்தித் தடுத்தார்.

"நெ... நெல்லு" என்றார் அய்யாக்கண்ணு. மறுபடி தேடினார். இடது கையைத் தூக்கி மனைவியைக் காட்டினார். "அவ... அவ நட்டா. அவ... பேரு. பேரு... எழுது."

"யார் பேரு?"

உதடு குவிந்தது, விரிந்தது. "நீ... நீலா. நீலாய..." அதற்கு மேல் வரவில்லை. வராததைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. "நீலா" என்று இன்னொரு முறை அழுத்திச் சொன்னார்.

இது சௌந்தரநாயகி கேட்காதது, கமருன்னிஸா எதிர்பார்க்காதது. நீலாயதாட்சி விறைத்து நின்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த நிலம். அவள் பெயர் ரேஷன் அட்டையைத் தவிர வேறெதிலும் இருந்ததில்லை. "இப்ப எதுக்கு இதெல்லாம்..." என்று முணுமுணுத்தவள், சபை என்பதையும் மறந்து கணவரின் வேட்டி நுனியை இழுத்துச் சரி செய்தாள்.

மாரியப்பனின் மனு தள்ளுபடி ஆனது. மனைவி பெயரைச் சேர்க்கத் தனி மனு போட வேண்டும் என்று துணை ஆட்சியர் சொல்ல, சௌந்தரநாயகி அங்கேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

வெளியே வேப்பமரத்தடியில் மாரியப்பன் நின்றிருந்தான். எப்படி நெருங்குவது என்று தெரியாமல், கமருன்னிஸாவிடம்தான் முதலில் பேசினான்.

"பெரியப்பாவுக்கு ஒண்ணும் புரியலன்னுதாங்க நெனச்சேன். சத்தியமா."

"என்கிட்ட சொல்லாதீங்க. அங்க சொல்லுங்க. அவருக்கு எல்லாம் புரியும்."

அவன் போய்ப் பெரியப்பாவின் முன் நின்றான். அய்யாக்கண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்து ஏதோ ஒரு வசவை உதிர்த்தார். கமருன்னிஸா எந்த வகுப்பிலும் கற்காத, கற்றுக் கொடுக்கவும் முடியாத வசவு அது. துளித் தடங்கல் இல்லாமல் வந்தது. மாரியப்பன் அழுதுகொண்டே சிரித்துவிட்டு, முதுகைக் காட்டிக் குனிந்தான்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் தஞ்சாவூரில் ஒரு வகுப்பு நடந்தது. புதுப்பிக்க இன்னும் நிறைய வருடம் இருக்கிறது, இப்போதே என்ன அவசரம் என்று ஜன்னத் பீவி கேட்டாள். "அவசரம் வர்றதுக்கு முன்னாடியே போயிடுறேன் மாமி" என்று சொல்லிவிட்டுக் கமருன்னிஸா கிளம்பினாள். பிற்பகல் இடைவேளையில், வராந்தாவில் தேநீரோடு நிற்கும்போது போன் அடித்தது. நீலாயதாட்சியின் எண்.

"சொல்லுங்க நீலாம்மா."

மூச்சு மட்டும் கேட்டது. அழைத்தது யார் என்று புரிந்ததும் அவள் தேநீரைச் சுவர்மேல் வைத்தாள். முகம் பார்க்காமல், கை காட்டாமல், வெறும் குரலை மட்டும் வைத்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

"ம... மழ" என்றார் அய்யாக்கண்ணு. "இங்க... நல்ல மழ."

"இங்கயும்தான் அய்யா. காலையிலேருந்து கொட்டுது."

"ம்."

அவருக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கும் இல்லை. இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஓட்டின் மேல் மழை விழுவதும், தூரத்தில் நீலாயதாட்சி யாரையோ மாட்டைப் பிடித்துக் கட்டச் சொல்வதும் கேட்டது. உள்ளே வகுப்பு தொடங்கப் போவதாக யாரோ அழைத்தார்கள்.

"வச்சிடவா அய்யா? கையெழுத்து வாங்குறாங்க."

"போ, போ" என்றார் அவர்.